தண்ணீர் கேட்காத பூந்தோட்டம்!



உங்கள் வீட்டில் ரோஜாச் செடி இருக்கிறதா? இருந்தால் அதற்கு எத்தனை உபசாரம் என்பது உங்களுக்கே தெரியும். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். உரம் போட வேண்டும். பூச்சி வந்தால் மருந்து தெளிக்க வேண்டும். கோடை விடுமுறையில் ஒரு வாரம் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், செடி வாடித் தலையைத் தொங்கப் போட்டிருக்கும்!

இப்போது தெருவோரச் சுவரடியைப் பாருங்கள். அங்கே ஒரு தும்பைச் செடி. அதற்குத் தண்ணீர் ஊற்றியது யார்? உரம் போட்டது யார்? ஒருவரும் இல்லை. ஆனாலும் மழை பெய்த சில வாரங்களில் வெள்ளை வெளேரென்று பூத்துச் சிரிக்கிறது.

இப்படி யாரும் நடாமல் தானாக முளைத்துப் பூப்பவைதான் காட்டுப் பூக்கள். 'காட்டுப் பூ' என்றதும் யானையும் புலியும் இருக்கும் காட்டுக்குப் போக வேண்டுமோ என்று பயப்படாதீர்கள்! வயல் வரப்பு, ஏரிக்கரை, காலி மனை, ரயில் பாதை ஓரம் எல்லாமே அவற்றின் வீடுதான். நம் வீட்டிலும் அவற்றுக்கு ஒரு மூலை ஒதுக்கினால் என்ன?

பூ விருந்து, இலை தொட்டில்

"அதெல்லாம் வெறும் களை, பிடுங்கிப் போடு!" என்று பெரியவர்கள் சொல்லலாம். நெல் வயலில் முளைத்தால் களைதான். ஆனால் வீட்டு மூலையில் முளைத்தால்?

ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, தேன் குடிக்கப் பூ. மற்றொன்று, முட்டையிட இலை. தேனைப் பல பூக்களில் குடிக்கும். ஆனால் முட்டையைக் கண்ட செடியில் இடாது. அதன் குழந்தையான புழு, குறிப்பிட்ட சில செடிகளின் இலைகளை மட்டுமே தின்னும். ஆரஞ்சு நிறச் சிறகில் கறுப்பு ஓரம் கொண்ட வெந்தய வரியன், எருக்கு போன்ற பால் வடியும் செடிகளைத் தேடிப் போகும். கொன்னை வெள்ளையன் என்ற வண்ணத்துப்பூச்சி ஆவாரை, கொன்றை போன்ற செடிகளைத் தேடும்.

தோட்டத்தில் நூறு ரோஜா இருந்தாலும், அந்தத் தாய்ப்பூச்சிக்குத் தன் குழந்தையை வளர்க்க ஒரு தொட்டில்கூட இல்லை! காலி மனைகள் வீடுகளாகி, முற்றங்கள் சிமெண்ட் தளமாகும்போது, இந்தத் தொட்டில்கள்தாம் ஒவ்வொன்றாக மறைகின்றன. நம் வீட்டில் நாலடிக்கு நாலடி இடம் விட்டால்கூட, ஒரு தொட்டில் திரும்பக் கிடைக்கும்.

யாரை எல்லாம் அழைக்கலாம்?

தும்பை: முழங்கால் உயரம்கூட வளராத சின்னச் செடி. பூவின் கீழ் உதடு நாக்குபோல நீண்டிருக்கும். அதுதான் தேனீ வந்து இறங்கும் திண்ணை! தேனீ தலையை உள்ளே நீட்டும்போது, மேல் உதட்டில் இருக்கும் மகரந்தம் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும்.

ஆவாரை: பளிச்சென்ற மஞ்சள் பூ. வறட்சியைக் கண்டு அஞ்சாத புதர்ச் செடி. பெரியவர்கள் உயரத்துக்கு வளரக்கூடியது என்பதால், தோட்டத்தின் பின்பக்கம் இடம் கொடுங்கள்.

சிறுபூளை: பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மையாகப் பூக்கும். கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன் வீட்டு வாசலில் காப்புக் கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூ ஆகியவற்றோடு சேர்த்துக் கட்டுவது இந்தப் பூவைத்தான். கடையில் காசு கொடுத்து வாங்கும் பூவை நம் வீட்டிலேயே பறிக்கலாமே!

விஷ்ணுகிராந்தி: தரையோடு படரும். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப் பூ. காலையில் விரிந்து, வெயில் ஏற ஏற மூடிக்கொள்ளும். எனவே காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்!

சங்குப்பூ: வேலியில் ஏறும் கொடி. அவரை, பட்டாணி குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றில் உள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும். அதனால்தான் வளமில்லாத மண்ணிலும் செழிக்கிறது. நீலப் பூக்கள் ஐந்தை வெந்நீரில் போடச் சொல்லுங்கள். தண்ணீர் நீலமாகும். அதில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் ஊதாவாக மாறும். அறிவியல் வகுப்பில் பார்க்கும் லிட்மஸ் தாளின் வேலையை ஒரு பூவே செய்துவிடுகிறது!

இன்னொரு செய்தி தெரியுமா? சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களைச் சொல்லியிருக்கிறார் என்று படித்திருப்பீர்கள். ஆவிரை, தும்பை, பூளை, கருவிளை நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கருவிளை என்பது நம் நீலச் சங்குப்பூதான். ஆக, நாம் அழைப்பது புதியவர்களை அல்ல. நம் மண்ணின் பழைய சொந்தக்காரர்களை!

விதை சேகரிப்போம்

இந்த விதைகளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மழைக்காலம் முடிந்து, தை, மாசியில் செடிகள் காயத் தொடங்கும். அப்போது பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். தும்பையின் காய்ந்த தலையைக் காகிதத்தின் மேல் தட்டினால் பொடி விதைகள் உதிரும். ஆவாரையின் காய் காகிதம்போல் தட்டையாக, பழுப்பாக இருக்கும். சங்குப்பூவின் நெற்று வெடிக்கும் முன் பறித்துவிட வேண்டும்.

ஒரு செடியில் உள்ள எல்லா விதைகளையும் எடுத்துவிடாதீர்கள். அந்த இடத்திலும் அடுத்த ஆண்டு பூ பூக்க வேண்டாமா? விதைகளை நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

விதைப்பது எப்படி?

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை உண்டு. முதல் மழை மண்ணை நனைத்ததும் விதைத்தால், மீதி வேலையை மழையே பார்த்துக்கொள்ளும்.

1. வெயில் நன்றாகப் படும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, மண்ணை லேசாகக் கிளறுங்கள். உரம் வேண்டாம். உரம் போட்டால் புல்தான் முந்திக்கொண்டு வளர்ந்து, நம் பூச்செடிகளை மறைத்துவிடும்.

2. ஆவாரை, சங்குப்பூ விதைகளின் தோல் கடினமானது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து ஊன்றுங்கள்.

3. தும்பை, பூளை போன்ற பொடி விதைகளை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும்.

4. முளைத்து வேர் பிடிக்கும்வரை, மழை இல்லாத நாட்களில் பூவாளியால் தெளியுங்கள். பிறகு மழை வெகுநாள் பொய்த்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

5. செடிகள் காய்ந்ததும் உடனே பிடுங்காதீர்கள். விதை உதிரட்டும். அடுத்த மழைக்கு நீங்கள் விதைக்காமலே தோட்டம் வரும்!

மண் தரை இல்லையா? அடியில் துளையிட்ட பழைய வாளியை மொட்டை மாடியில் வைத்து, பாதி மண், பாதி மணல் போடுங்கள். தும்பையும் விஷ்ணுகிராந்தியும் அதிலேயே வளரும். ஆனால் தொட்டி மண் சீக்கிரம் காயும். அதனால் இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் தேவைப்படும்.

இவர்களுக்கு இடம் இல்லை!

தானாக முளைப்பதெல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். கேரட் இலைபோல் இலையும், சின்ன வெள்ளைப் பூவும் கொண்ட பார்த்தீனியம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தொட்டால் சிலருக்கு அரிப்பு வரும். மூச்சுத் தொல்லையும் உண்டாகும். உண்ணிச்செடியும் அங்கிருந்துதான் வந்தது. அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று முதுமலை போன்ற காடுகளில் பரவி, மானும் யானையும் மேயும் புல்லை வளரவிடாமல் செய்கிறது. பார்த்தீனியம் முளைத்தால், பூக்கும் முன்பே பெரியவர்களிடம் சொல்லி, கையுறை அணிந்து வேரோடு எடுக்கச் சொல்லுங்கள்.

எருக்கம் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு. கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் இவை இரண்டும் வேண்டாம். வெளியில் இருக்கும் எருக்கை வெட்டாமல் விட்டாலே போதும். வெந்தய வரியன் அங்கே தன் தொட்டிலைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

அம்மா என்ன சொல்வார்?

"பூச்சி, பொட்டு வந்துவிடுமே!" என்று அம்மா கவலைப்பட்டால், அது நியாயமான கவலைதான். பூ மூலையை வாசலை விட்டுத் தள்ளி அமையுங்கள். சுற்றிலும் செங்கல் வரிசை வைத்து, புதராக அடர விடாமல் இருங்கள். குப்பை, கற்குவியல் சேரக் கூடாது. செருப்பு அணியாமல் உள்ளே கால் வைக்கவும் கூடாது. செங்கல் வரிசை இருந்தால், பார்ப்பவர்களும் 'கவனிக்காமல் விட்ட இடம்' என்று நினைக்காமல், 'தோட்டம்' என்று புரிந்துகொள்வார்கள்.

நான் ஆசிரியராக இருந்தபோது, திங்கட்கிழமை காலையில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். "பள்ளிக்கு வரும் வழியில் எத்தனை வகைப் பூ பார்த்தீர்கள்?" முதல் வாரம் இரண்டு, மூன்று என்பார்கள். மாதம் முடிவதற்குள் பத்தைத் தாண்டிவிடுவார்கள். பூக்கள் கூடவில்லை. பார்க்கும் கண்கள்தான் கூடின!

நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூ எந்தத் தேதியில் பூத்தது, எந்தப் பூச்சி வந்தது என்று எழுதி வாருங்கள். ஒருநாள் ஆவாரை இலையில் ஓட்டை தெரியும். மருந்து தேடி ஓடாதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் புழு ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தால், உங்கள் தோட்டத்தில் முதல் தொட்டில் ஆடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்!