சோறு மெதுவாக இறங்குவது வயசு, புரையேறுவது வயசல்ல

"வயசாயிருச்சு தம்பி, சோறு சட்டுன்னு இறங்க மாட்டேங்குது." தோட்டத்துக் கிளினிக்கில் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. எது வயதின் குணம், எது நோயின் குறி என்பதைப் பெரியவர்களும் அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொண்டை மேட்டில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். மேடு மேலே ஏறி இறங்குகிறது அல்லவா? தொண்டையில் முன்னால் இருப்பது மூச்சுக்குழாய்; பின்னால் இருப்பது உணவுக்குழாய். நாக்கு உணவைத் தள்ளியதும் குரல்வளை மேலே எழும்பி, மூச்சு வழி மூடிக்கொள்கிறது. அந்நேரம் மூச்சும் நிற்கிறது. உணவு தாண்டியதும் வழி திறக்கிறது. இவ்வளவும் ஏறக்குறைய 1 விநாடிக்குள் நடந்து முடிகிறது.

வயது ஏற ஏற, நோய்நொடி இல்லாதவருக்கும் இந்த வேலை மெதுவாகும். கை கால் தளர்வதுபோல நாக்கின் தசையும் தளர்கிறது. மூச்சு வழி மூடுவது சற்றுத் தாமதமாகிறது. ஒரு வாய்ச் சோற்றை இரண்டு தடவை விழுங்க வேண்டி வருகிறது. பல் போனவருக்கு மெல்லவும் நேரமாகும். சளிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் வாயை உலர வைக்கும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். அவசரம் இல்லாவிட்டால் சோறு பத்திரமாக இறங்கும்.

ஆனால் அவசரம்தான் நம் பழக்கம்! பெரட்டுக்கு நேரமாகுது என்று நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியவர்கள் நாம். 70 வயதிலும் அதே வேகம் என்றால் தொண்டை ஈடு கொடுக்காது.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்காதீர்கள்.

2. சின்னச் சின்ன வாயாகச் சாப்பிடுங்கள். ஒரு வாய் முழுதும் இறங்கிய பிறகே அடுத்த வாய். வாயில் சோறு இருக்கும்போது பேச்சும் சிரிப்பும் வேண்டாம்.

3. காய்ந்த ரொட்டி, பிஸ்கட்டைக் கோப்பியில் ஊற வையுங்கள். சோற்றைக் குழம்பு விட்டுக் குழையுங்கள். இறைச்சியைப் பொடியாக நறுக்குங்கள்.

4. மாத்திரை இறங்கவில்லை என்று நீங்களாக இடித்துவிடாதீர்கள். சில மாத்திரைகளைப் பொடி செய்யக்கூடாது. முதலில் எங்களைக் கேளுங்கள்.

5. காலையும் இரவும் பல், நாக்கு, கட்டுப்பல்லைச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும்.

இனி, வயசு என்று ஒதுக்கக்கூடாத குறிகளைச் சொல்கிறேன். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவது, தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பிட்டபின் குரல் நனைந்ததுபோல் கரகரப்பது, சோறு நெஞ்சில் அடைத்து நிற்பது, விழுங்கும்போது வலி, உடம்பு இளைப்பது, திரும்பத் திரும்பச் சளிக் காய்ச்சல். சிலருக்கு உணவு மூச்சுக்குழாயில் போனாலும் இருமலே வராது; காய்ச்சல்தான் காட்டிக்கொடுக்கும்.

இவற்றுக்குப் பின்னால் பக்கவாதம், நடுக்குவாதம், புற்றுநோய் மறைந்திருக்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், சிகரெட், சம்சு பழக்கம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உடனே டாக்டரைப் பாருங்கள். விழுங்கப் பயிற்சி கொடுப்பவர்கள் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள்.

திடீரென்று வாய் கோணி, பேச்சுக் குழறி, விழுங்க முடியாமல் போனால் அது பக்கவாதமாக இருக்கலாம். வாயில் தண்ணீர்கூட ஊற்றாமல் 999-க்குப் போன் செய்யுங்கள்.

மகன்மாரே, மருமக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. புரையேறினால் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டுத் தனியாகச் சாப்பிடும் பாட்டிமார் உண்டு. பயந்து தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் தாத்தாமார் உண்டு. "எனக்குப் பசியில்லே"ன்னு பாதித் தட்டோடு எழுந்துவிடுவார்கள். பசி இல்லையா, விழுங்கப் பயமா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். "சீக்கிரம் சாப்பிடுங்க" என்று விரட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் மெதுவாகச் சாப்பிடுங்கள். இந்த வாரமே ஒரு வேளைச் சாப்பாட்டின்போது அவர்களைக் கவனித்துப் பாருங்கள். மேலே சொன்ன குறிகளில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள்.