சுயேச்சைக்குப் போட்டால் வீண் ஓட்டா?

2021 அக்டோபரில் காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மாங்காட்டை அடுத்த பரணிபுத்தூர், அய்யப்பன்தாங்கல் பக்கம் ஊராட்சித் தலைவருக்கு நின்றவர் எவருக்கும் உதயசூரியனும் இல்லை, இரட்டை இலையும் இல்லை. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி சார்பற்றவை. அங்கே எல்லோரும் சுயேச்சைதான். நான்கு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 19 அன்று, பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்த மாங்காடு தன் முதல் நகராட்சித் தேர்தலைச் சந்தித்தது. இங்கே கட்சிச் சின்னங்கள் உண்டு. ஒரே சாலையை ஒட்டிய ஊர்களில் ஒன்றில் ஆளைப் பார்த்து ஓட்டு, இன்னொன்றில் சின்னத்தைப் பார்த்து ஓட்டு.

வார்டு தேர்தலிலாவது சுயேச்சைக்கு ஒரு வழி இருக்கிறது. குடிநீர் லாரிக்கு அலைந்தவர், மழைநீர் புகுந்த தெருவில் மோட்டார் கொண்டுவந்து நிறுத்தியவர் என்று நான்கு தெருவுக்கு அவரைத் தெரிந்திருக்கும். சட்டமன்றத் தேர்தல் வந்தால் அதே மனிதரைப் பற்றி, “நல்ல மனுஷன்தான், ஆனா ஜெயிக்க மாட்டாரே, ஓட்டு வேஸ்ட்டாப் போயிடும்” என்பார்கள். 2006இல் தளியில் டி. ராமச்சந்திரன் சுயேச்சையாக வென்றார். அடுத்து வந்த 2011, 2016, 2021 பொதுத்தேர்தல்களில் ஒரு சுயேச்சைகூடச் சட்டமன்றத்துக்குள் நுழையவில்லை.

இடையில் 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சட்டத்தின் கணக்கில் அவர் சுயேச்சை. ஆனால் அது ஒரு பெரிய கட்சி இரண்டாக உடைந்ததன் விளைவு. கட்சி நிழலே படாத ஒருவரின் வெற்றியோடு அதைச் சேர்த்து எண்ண எனக்கு மனம் ஒப்பவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1952 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் பிடித்தது 152 மட்டுமே. அறுபதுக்கும் மேற்பட்ட சுயேச்சைகள் உள்ளே இருந்தார்கள். எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடம். சிறிய கட்சிகளின் தயவில்லாமல் ராஜாஜி ஆட்சி அமைத்திருக்க முடியாது. நாயக்கர் ராஜாஜியின் அமைச்சரவையில் சேர்ந்தார், படையாச்சியார் 1954இல் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். இரு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன. அவற்றை நம்பி ஓட்டுப் போட்ட வட மாவட்டத்து உழவர்களுக்குத் தனிக் குரல் என்று ஒன்று சபையில் மிஞ்சவில்லை.

1957இல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது அதற்கும் அங்கீகாரம் கிடையாது. காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணாவும் குளித்தலையில் வென்ற கருணாநிதியும் உட்பட அந்தப் பதினைந்து பேரும் தேர்தல் ஆணையத்தின் ஏட்டில் சுயேச்சைகள். மறு ஆண்டுதான் கட்சிக்கு அங்கீகாரம் கிடைத்தது. பத்தே ஆண்டில் ஆட்சி.

இன்றைய சிறு கட்சிக்கு அந்தப் பாதை இன்னும் குறுகிவிட்டது. 2021இல் ம.தி.மு.க. நின்ற ஆறு தொகுதிகளிலும் சின்னம் உதயசூரியன். வென்ற நால்வரும் சட்டப்படி தி.மு.க. உறுப்பினர்கள். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி தி.மு.க. கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடலாம். தொகுதி கிடைத்தது, நாக்கு அடகு போனது. அதனால்தான் 2024இல் திருச்சியில் ம.தி.மு.க.வின் துரை வைகோ தீப்பெட்டியில் நின்று வென்றதையும், சிதம்பரத்திலும் விழுப்புரத்திலும் விடுதலைச் சிறுத்தைகள் பானையிலேயே நின்று வென்றதையும் வெறும் சின்னக் கதையாக நான் பார்க்கவில்லை. கூட்டணிக்குள் இருந்தாலும் அவர்கள் தங்கள் பெயரிலேயே நாடாளுமன்றம் போனார்கள்.

சுயேச்சைகள் பெருகினால் குழப்பம் என்பவர்கள் 1996 மொடக்குறிச்சியைச் சுட்டுவார்கள். 1,033 வேட்பாளர்கள், புத்தகம்போல ஒரு வாக்குச்சீட்டு. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் குறை யார் காதிலும் விழாததால் மனுத்தாக்கல் செய்த விவசாயிகள். அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தல் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, இப்போது 10,000. பதிவான செல்லுபடி வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அதுவும் போச்சு. கூட்டத்தைக் குறைத்தார்கள். விவசாயி ஏன் அங்கே வந்து நின்றார் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

சுயேச்சைகளால் குழப்பம்தான் வரும் என்பதில்லை. ஆஸ்திரேலிய நாடாளுமன்றத் தேர்தலில் 2010இல் 150 இடங்களில் இரு பெரிய அணிகளும் ஆளுக்கு 72இல் நின்றன. டோனி வின்ட்சர், ராப் ஓக்‌ஷாட் என்ற இரு கிராமப்புறச் சுயேச்சைகள் பதினேழு நாள் யோசித்து அப்போதைய பிரதமர் ஜூலியா கில்லார்டை ஆதரித்தார்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அதை ஊரறிய வெளியிட்டார்கள். அமைச்சர் பதவி வாங்கவில்லை. நம் 1952ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அங்கே சுயேச்சை வெல்வதற்குக் காரணம் ஓட்டை எண்ணும் முறை. வாக்காளர் ஒரே பெயரில் முத்திரை குத்துவதில்லை. எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று எண் இடுகிறார். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசி ஆள் விலக, அவருடைய சீட்டுகள் இரண்டாவது விருப்பத்துக்குப் போகின்றன. 2013இல் இண்டை தொகுதியில் முதல் விருப்ப வாக்குகளில் பின்தங்கியிருந்த கேத்தி மெகாவன் என்ற சுயேச்சை, இந்த எண்ணிக்கையில் மேலேறி 439 வாக்கில் வென்றார். மனசுக்குப் பிடித்தவருக்கு 1 போட்டுவிட்டு, அவர் தோற்றால் யார் வரலாம் என்பதற்கு 2 போடலாம். அங்கே வீண் ஓட்டுப் பேச்சுக்கு இடமில்லை.

இந்த முறை இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. குடியரசுத் தலைவரையும் மாநிலங்களவை உறுப்பினர்களையும் இப்படி எண் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோம். மாங்காட்டுக்காரர் ஓட்டுப் போட்டு அனுப்பிவைக்கும் எம்.எல்.ஏ. கையில் அந்தச் சீட்டு இருக்கிறது. அனுப்பிவைத்தவருக்கு ஒரே ஒரு பொத்தான்தான்.