மாத்திரை போட்டால் காய்ச்சல் ஏன்? நாய்கள் சொல்லும் விடை

யானைக்கால் நோய்க்கு மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் நெடுங்காலமாகப் பேர் போன இடங்கள். மலையாளத்தில் இதற்கு ‘மந்து’ என்று பெயர். சாக்கடைத் தேக்கத்தில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு இதைப் பரப்புகிறது. நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை வழங்கும் திட்டத்தை 2004-ல் இந்திய அரசு தொடங்கியது.

‘நன்றாயிருந்தவனுக்கு மாத்திரை போட்டதும் காய்ச்சல் வந்தது’ என்று பயந்து அதை மூலையில் போடுகிறவர்கள் உண்டு. சுமை தூக்கிப் பிழைப்பவருக்கு ஒரு நாள் காய்ச்சல் என்றால் ஒரு நாள் கூலி நஷ்டம். பயம் நியாயமே. ஆனால் அந்தக் காய்ச்சலின் காரணம் என்ன?

இம்மருந்து 1940களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவானது. அதன் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மருந்தைச் சோதித்த பிராணிகளில் நாயும் ஒன்று; முடிவுகள் 1947-ல் வெளியாயின.

நாய்க்கும் ஃபைலேரியா புழுக்கள் உண்டு. ரத்தத்தில் இளம்புழுக்கள் ஆயிரக்கணக்கில் நீந்தினாலும் நாய் ஓடியாடித் திரியும். உயிருள்ள புழு, உடலின் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தி வைப்பதே காரணம். மருந்து கொடுத்ததும் நிலைமை தலைகீழ். இளம்புழுக்களை வெள்ளணுக்கள் வளைத்துப் பிடிக்கின்றன. சாகும் புழுவின் பொருள்களும், அதனுள் குடியிருக்கும் வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவும் வெளிப்பட, உடல் கொதிக்கிறது. இருதயப் புழு உள்ள நாய்க்கு டி.இ.சி. கொடுத்தால் அதிர்ச்சி கண்டு இறப்பதும் உண்டு. அதனால் நாய்க்கு முதலில் ரத்தப் பரிசோதனை அவசியம்.

யானைக்கால் புழு உள்ள மனிதரிடமும் நடப்பது இதுவே. ஆனால் அவ்வளவு கடுமை இல்லை. இளம்புழு மிகுந்திருந்தால் காய்ச்சலும் மிகும்; பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். ஆக, அது புழு சாவதன் அடையாளம். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். முற்றி வீங்கிய கால் பழையபடி ஆவது அரிது.

மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கடும் நோயாளிகளுக்கும் தருவதில்லை. இரவில் ரத்தம் எடுக்க வந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். இளம்புழு இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வருகிறது.

நாயைப் பழிக்கவும் வேண்டாம். க்யூலெக்ஸ் கொசு பரப்பும் இந்தப் புழு நாயிடம் வாழ்வதில்லை. அது வளர்வது நம் உடலிலும், நம் தெருச் சாக்கடைக் கொசுவிலும்தான்.