குரோமியத்துக்கு அரை ஆயுள் கிடையாது

உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் செர்னோபிலும் இருந்தது, நம் ராணிப்பேட்டையும் இருந்தது. அங்கே 1986-இல் அணு உலை வெடித்தது. இங்கே குரோமிய ரசாயனங்கள் தயாரித்து வந்த ஓர் ஆலை, 1990-களில் மூடப்பட்டபோது லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை வெட்டவெளியில் விட்டுப் போனது. இந்த இரண்டு நஞ்சுகளில் எது தானாகக் குறையும்? பதில் பிளஸ் டூ இயற்பியல் பாடத்தில், அரை ஆயுட்காலக் கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அன்றாட வேலை. தைராய்டு புற்றுநோய்க்கு அங்கே அயோடின்-131 கொடுக்கிறார்கள். அதன் அரை ஆயுட்காலம், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 8 நாள். மும்பை டிராம்பேயில் இந்த அயோடினைத் தயாரிக்கிறார்கள். ஈயக் கலனுக்குள் பத்திரமாக அடைத்து அனுப்பினாலும் சிதைவு நிற்காது. பார்சல் ஒரு நாள் தாமதித்தால் 100 பங்கு இருந்தது ஏறக்குறைய 92 ஆகிவிடும்.

மாணவர்கள் சறுக்குவது ஓர் இடத்தில்தான். 8 நாளில் பாதி போனால் 16 நாளில் முழுவதும் போய்விடும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. ஆயிரம் நாணயங்களைச் சுண்டி, தலை விழுந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி சுண்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் குறையும். எந்த நாணயம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் மொத்தக் கணக்கு தப்பாது. அணுக்கருக்களும் அப்படியே. எனவே 16 நாளில் கால் பங்கு, 24 நாளில் அரைக்கால், 40 நாளில் 32-இல் ஒரு பங்கு மிஞ்சும்.

20 நாள் என்று கேட்டால்? 20-ஐ 8-ஆல் வகுத்தால் 2.5. அரையின் அடுக்கில் 2.5-ஐப் போட்டால் 0.177, அதாவது 17.7 சதவீதம் மீதி. சிதைவு மாறிலி வழியாகப் போனாலும் இதே விடைதான்: 2-இன் இயல் மடக்கையான 0.693-ஐ 8-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 0.0866; அதை 20-ஆல் பெருக்கி e-இன் எதிர் அடுக்கில் போட்டால் மறுபடி 0.177. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, இரண்டு வழியிலும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். செர்னோபில் மண்ணில் தங்கிய சீசியம்-137-இன் அரை ஆயுட்காலம் சுமார் 30 ஆண்டு. அப்படியானால் 2016-இல் பாதி, 2046-இல் கால் பங்கு. மெதுவாகத்தான், ஆனால் குறைகிறது.

குரோமியத்திலும் கதிரியக்க வகை உண்டு. ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுளை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்திய குரோமியம்-51-க்கு அரை ஆயுட்காலம் 27.7 நாள். ஓர் ஆண்டில் அது ஒன்பதாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, மற்றது வனேடியமாக மாறிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளின் டிரம்மிலிருந்து தோல் நீல நிறத்தில் வெளியே வருகிறதே, அதற்குக் காரணமான குரோமியம் இந்த வகை அல்ல. அதன் அணுக்கரு நிலையானது. ராணிப்பேட்டைக் குவியலில் இருப்பதும் அதுதான். அங்கே கிடக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மழை பெய்தால் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கும். ரசாயன முறையில் அதை நச்சுக் குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றலாம். அதில் இடம் மாறுவது எலக்ட்ரான்கள் மட்டுமே, அணுக்கரு அப்படியே இருக்கும்.

கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நாம் நடுங்குகிறோம். நடுங்கவேண்டியதுதான். ஆனால் தேதி போட்டுக் குறையும் நஞ்சு அல்ல, தேதியே இல்லாத நஞ்சுதான் நம் வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. 30 ஆண்டு காத்திருந்தாலும் 300 ஆண்டு காத்திருந்தாலும் அந்தக் குரோமியத்தில் ஓர் அணுகூடத் தானாகக் குறையப் போவதில்லை. ராணிப்பேட்டைக் கழிவை மனிதர்கள்தான் அகற்ற வேண்டும்; அரசு அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.