திருத்தணியை வீடு வீடாகக் கொண்டுசேர்த்த மெட்டு

1967 பொங்கலுக்கு வெளிவந்த ‘கந்தன் கருணை’ படத்துக்காக கே.வி. மகாதேவனுக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த இசையமைப்பாளருக்கென்று இந்திய அரசு முதன்முதலாக வழங்கிய விருது அது. அந்தப் படத்தின் பாட்டுகளில் இன்றைக்கும் கோயில் ஒலிபெருக்கிகளில் ஓயாமல் கேட்பது ‘திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்’. ஆனால் அதற்கு மெட்டுப் போட்டவர் மகாதேவன் அல்ல, குன்னக்குடி வைத்தியநாதன்.

அது படத்துக்காகப் பிறந்த பாட்டே இல்லை. பூவை செங்குட்டுவன் எழுதி, குன்னக்குடி இசையமைத்து, சூலமங்கலம் சகோதரிகள் பாடிய பக்திப் பாடல் இசைத்தட்டாகத்தான் முதலில் வந்தது. அதைக் கேட்டு மனம் பறிகொடுத்த இயக்குநர் ஏ.பி. நாகராஜன் அப்படியே படத்துக்குள் கொண்டுவந்தார். திரையில் சூலமங்கலம் ராஜலட்சுமியோடு பி. சுசீலாவின் குரலும் சேர்ந்துகொண்டது. தெற்கே இருக்கும் பரங்குன்றத்தையும் வடக்கு எல்லையில் இருக்கும் தணிகை என்ற திருத்தணியையும் ஒரே மூச்சில் இணைத்தது அந்தப் பாட்டு. ம.பொ. சிவஞானம் போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக, ஆந்திரத்தில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரலில்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்தது. ஏழே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் அந்த மலையின் பெயரைப் பாடத் தொடங்கிவிட்டது.

தணிகைக்குப் பாட்டு புதிதல்ல. அருணகிரிநாதர் இந்த மலைக்கு அறுபதுக்கும் மேற்பட்ட திருப்புகழ்களைத் தந்திருக்கிறார். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியை இங்கேதான் பாடினார் என்பது மரபு. டிசம்பர் 31 இரவு 365 படிகளுக்கும் பூஜை செய்து, படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறும் படித்திருவிழா இன்றும் நடக்கிறது. அந்த மரபோடு இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டு வந்து சேர்ந்தது. அதன் மெட்டுக்காரர்களைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசவில்லை.

சினிமாவில் இசையமைப்பாளருக்குக் கதை உண்டு, காட்சி உண்டு, திரையில் வாயசைக்க ஒரு நட்சத்திரம் உண்டு. பக்தி இசைத்தட்டில் இவை எதுவும் கிடையாது. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். பல்லவி காதில் விழுந்த உடனேயே பிடித்துக்கொள்ள வேண்டும். ராகம் கெடக் கூடாது. அதே சமயம், சங்கீதம் பயிலாத ஒரு பெண் விளக்கேற்றும்போது தானே பாடிக்கொள்ளவும் முடிய வேண்டும். எந்தக் குரலுக்கு எந்தச் சுருதி, இடையிசையில் எந்த வாத்தியம் என்பதையும் இசையமைப்பாளர்தான் தீர்மானித்தாக வேண்டும். மேல்நாட்டில் மெட்டமைப்பாளர், இசைத்தட்டுத் தயாரிப்பாளர் என்று பிரித்துச் சொல்கிற வேலையில் பெரும்பகுதி இங்கே அந்த ஒருவர் தலையில்தான் விழுந்தது.

குன்னக்குடி இதற்கென்றே வார்த்தெடுத்தாற்போல் இருந்தார். காரைக்குடிக்குப் பக்கத்தில் குன்றின்மேல் முருகன் குடிகொண்ட குன்னக்குடியில் 1935-ல் பிறந்தார். தந்தை ராமசாமி சாஸ்திரியிடமே இசைப் பயிற்சி. அரியக்குடி, செம்மங்குடி போன்ற ஜாம்பவான்களுக்குச் சிறு வயதிலேயே பக்கவாத்தியம் வாசித்தார். நெற்றி நிறைய விபூதியோடு மேடையேறி, வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு வயலினை மோதவிட்டு, நடுவே சினிமாப் பாட்டும் வாசிப்பார். சபாக்களில் முகம் சுளித்தவர்கள் உண்டு. கூட்டம் மட்டும் குறையவே இல்லை.

நாகராஜன் அவரை விடவில்லை. 1969-ல் ‘வா ராஜா வா’ மூலம் முழு இசையமைப்பாளராக்கினார். ‘திருமலை தென்குமரி’, ‘அகத்தியர்’, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ எல்லாம் தொடர்ந்தன. ஆனால் அவருடைய கைவண்ணம் முழுமையாகத் தெரிவது தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் ‘தெய்வம்’ (1972) படத்தில்தான். மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணி அம்மாள், சூலமங்கலம் சகோதரிகள் என்று பக்தி மேடைகளின் சொந்தக்காரர்களையே பாட அழைத்தார்கள். கர்நாடக மேடையில் மணிக்கணக்கில் ராகத்தை விரிக்கும் சோமுவைச் சில நிமிடத்துக்குள் நிறுத்தி, அவருடைய கம்பீரம் சிறிதும் குறையாமல் தர்பாரி கானடாவில் ‘மருதமலை மாமணியே’ பாட வைத்தது சாதாரண வேலை அல்ல. யாருக்கு எது பொருந்தும் என்ற கணிப்பில்தான் ஓர் இசையமைப்பாளரின் திறமை இருக்கிறது.

எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. பாடகர் டி.என். சேஷகோபாலனைக் கதாநாயகனாக்கி 1983-ல் குன்னக்குடி சொந்தமாகத் தயாரித்த ‘தோடி ராகம்’ ஓடவில்லை. அதன் பிறகும் வயலினைக் கீழே வைக்கவில்லை. திருவையாறு தியாகராஜ உற்சவத்தைப் பல்லாண்டுகள் செயலாளராக நின்று நடத்தினார். 2005-ல் பத்மஸ்ரீ வந்தது. 2008 செப்டம்பரில் சென்னையில் காலமானார்.

ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடியோடு தணிகை மலையேறும் கூட்டத்தில் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களும் ஏராளம். தமிழ்ச் சொல் முழுதும் புரியாதவரையும் தலையசைக்க வைப்பது மெட்டுதான். ஆனால் அதைப் போட்டவரின் பெயர் பாடகரின் பெயருக்குப் பின்னால் மறைந்துபோகிறது. கைபேசியில் வரும் பாட்டுப் பட்டியல்களும் பெரும்பாலும் குரலுக்குரியவரையே முன்னால் காட்டுகின்றன. விழாக் குழுவினரும் மெல்லிசைக் குழுவினரும் மனம்வைத்தால் இதை மாற்றலாம். ‘திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்’ பாட்டைத் தொடங்குமுன் ஒலிவாங்கியில் இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள்: எழுதியவர் பூவை செங்குட்டுவன், இசை குன்னக்குடி வைத்தியநாதன்.