கார்டில் பில் கட்டினால் புள்ளி வரும். பில்லுக்கு வைத்த பணம் எங்கே போகும்?

இருபது வருடங்களுக்கு முன்பு வரை எங்கள் மண்டியில் மின் கட்டணம், டெலிபோன் பில், இன்ஷ்யூரன்ஸ் பிரீமியம் கட்டுவதற்கென்றே ஒரு பையன் இருந்தான். வெள்ளை அட்டையையும் பணத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்குச் சைக்கிளில் கிளம்புவான். வரிசையில் நின்று கட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவான். இன்று அந்த வேலையை என் மகன் கல்லாவில் உட்கார்ந்தபடியே, துவரம்பருப்பு விலை பேசிக்கொண்டே, செல்போனில் முடித்துவிடுகிறான். அதுவும் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுவதில்லை. கிரெடிட் கார்டில் கட்டுகிறான். "எப்படியும் கட்ட வேண்டிய பில்தானே அப்பா, கார்டில் கட்டினால் புள்ளி வருகிறதே" என்பது அவன் வாதம்.

நான் ஆரம்பத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. விருதுநகரில் நாற்பது வருடமாகப் பருப்பும் வற்றலும் வியாபாரம் செய்கிறேன். கடன் வாங்கிக் கரண்ட் பில் கட்டுவதா என்று சத்தம் போட்டேன். பிறகு, சரி, ஒரு வருடம் பார்ப்போம் என்று விட்டேன். இப்போது மூன்று வருடம் ஆகிவிட்டது. சங்கக் கூட்டத்துக்கு வரும் நண்பர்கள் பலர் இதைப் பற்றி விசாரிப்பதால், கண்ட லாபத்தையும் பட்ட அவதியையும் இங்கே எழுதுகிறேன்.

செல்போனில் நாம் எந்தச் செயலியைத் திறந்தாலும், பெரும்பாலான பில்கள் 'பாரத் பில் பே' என்ற பொது வழியாகத்தான் போகின்றன. ரிசர்வ் வங்கியின் திட்டப்படி 2016-ல் சோதனையாகத் தொடங்கப்பட்டது இது. நம் இணைப்பு எண்ணைப் போட்டால் பாக்கித் தொகை தானாக வந்து நிற்கும். கட்டியவுடன் ஒரு பரிவர்த்தனை எண் வரும். அந்த எண்ணை ரசீது போல் பத்திரப்படுத்த வேண்டும். ஏதாவது கோளாறு என்றால் அதை வைத்துத்தான் புகார் செய்ய முடியும். வேறு செயலிகள் மூலம் கிரெடிட் கார்டு பில்லைக் கட்டுவதும் இதே வழியில்தான் நடக்க வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கி ஏற்பாடு செய்திருக்கிறது.

புள்ளியின் உண்மையான எடை

ஒரு புள்ளி என்றால் ஒரு ரூபாய் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல கார்டுகளில் ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசுதான். நூறு ரூபாய்க்கு இரண்டு புள்ளி என்று விளம்பரம் சொன்னால், நமக்குக் கிடைப்பது அரை சதவீதம். மின்சாரம், டெலிபோன், இன்ஷ்யூரன்ஸ் போன்ற பில்களுக்கு அதிலும் குறைத்துக் கொடுப்பவை உண்டு, கொடுக்காதவையும் உண்டு. 2024 முதல் பல வங்கிகள், மாதத்தில் இவ்வளவுக்கு மேல் இத்தகைய பில் கட்டினால் 1 சதவீதம் கட்டணம் என்று வைத்துவிட்டன. அந்த வரம்பு 15,000, 20,000, 50,000 என்று வங்கிக்கு வங்கி வேறுபடுகிறது. கார்டில் கட்டினால் செயலியே தனியாக ஒரு கட்டணம் பிடிப்பதும் உண்டு. சேர்ந்த புள்ளியைப் பொருளாக மாற்றப் போனால், அதற்கு 99 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கேட்கும் கார்டுகளும் இருக்கின்றன. எடை போடும்போது சாக்கைக் கழிப்பது போல, இத்தனையையும் கழித்துவிட்டுத்தான் லாபம் பார்க்க வேண்டும்.

என் கணக்கைச் சொல்கிறேன். கடை, கிட்டங்கி, வீடு மூன்றுக்கும் சேர்த்து மின்சாரம், டெலிபோன், இணையம், காஸ் என்று மாதம் சராசரியாக 11,000 ரூபாய், வருடத்துக்கு 1,32,000. சரக்கு, வண்டி, குடும்பத்தின் மருத்துவ இன்ஷ்யூரன்ஸ் வகையில் 1,08,000. ஆக மொத்தம் 2,40,000 ரூபாய். எங்களிடம் உள்ள கார்டு எல்லாம் போக 1 சதவீதம் தருகிறது. அது 2,400 ரூபாய். வருடக் கட்டணம் ஜி.எஸ்.டி.யுடன் 590 போக, கையில் நிற்பது 1,810 ரூபாய். இதற்காக யாரும் மாடி வீடு கட்டிவிட முடியாது.

ஆனால் வியாபாரி கவனிக்க வேண்டிய இன்னொரு வரவு இதில் இருக்கிறது. அதை விளம்பரத்தில் பெரிதாகச் சொல்வதில்லை. கார்டில் கட்டிய நாளிலிருந்து கார்டு பில்லின் கெடு வரை, நாளைப் பொறுத்து 20 முதல் 50 நாள் வரை அவகாசம் கிடைக்கிறது. சராசரி முப்பது நாள் என்று வைத்தால், என்னுடைய 20,000 ரூபாய் எப்போதும் என்னிடமே சுற்றிக்கொண்டிருக்கும். ஓ.டி. வட்டி 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2,000 ரூபாய் மிச்சம். புள்ளியில் நிற்பதைவிட இது அதிகம்.

ஆபத்தும் அந்த அவகாசத்தில்தான் இருக்கிறது.

எங்களிடம் பதினெட்டு வருடமாகச் சரக்கு எடுக்கும் ஒரு மளிகைக் கடைக்காரர், பெயர் வேண்டாம். அருகிலுள்ள கிராமத்தில் கடை. நாணயமானவர், சொன்ன வாரம் சொன்ன தொகையைக் கொண்டுவந்து கொடுப்பவர். அவரும் புள்ளிக்காகத்தான் ஆரம்பித்தார். நாலு கார்டு எடுத்தார். கரண்ட் பில், இன்ஷ்யூரன்ஸ், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கம்பெனிச் சரக்கு என்று மாதம் 60,000 ரூபாய் வரை கார்டில் போட்டார். முன்பெல்லாம் பில் கட்டியதும் கல்லாவில் பணம் குறையும்; குறைந்ததைப் பார்த்துக் கொள்முதலையும் குறைப்பார். இப்போது பில்லும் கட்டியாகிவிட்டது, கல்லாவிலும் பணம் இருக்கிறது. தீபாவளிக்கு முன்பு எண்ணெய் விலை ஏறும் என்று யாரோ சொல்ல, அந்தப் பணத்துக்கு டின் டின்னாக எண்ணெய் வாங்கி அடுக்கினார். விலை இறங்கியது. கார்டு பில்லின் கெடு வந்த அன்று அவரிடம் எண்ணெய் இருந்தது, பணம் இல்லை.

குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்று கார்டு பில்லில் போட்டிருந்தது. அது 5 சதவீதம். 60,000-க்கு 3,000 ரூபாய் கட்டினார். மீதி 57,000-க்கு மாத வட்டி 3.75 சதவீதம் என்றால் 2,137 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 385 ரூபாய். ஆக ஒரு மாதத்துக்கு 2,522 ரூபாய். அந்த 60,000-க்கு 1 சதவீதக் கணக்கில் அவர் பெற்ற புள்ளி 600 ரூபாய் மதிப்புதான். நான் ஒரு வருடம் முழுக்கச் சேர்க்கும் புள்ளி, அவருக்கு ஒரு மாத வட்டிக்குக்கூடக் காணவில்லை. இன்னொன்றும் உண்டு: முழுத் தொகையையும் கட்டாவிட்டால், வட்டி பில் கெடுவிலிருந்து ஓடாது, செலவு செய்த தேதியிலிருந்தே ஓடும். அடுத்து வாங்கும் எதற்கும் வட்டியில்லாத நாளும் கிடையாது. எட்டே மாதத்தில் நாலு கார்டிலும் சேர்ந்து 2,40,000 ரூபாய் நின்றது. எனக்கும் 1,80,000 பாக்கி விழுந்துவிட்டது.

ஒருநாள் மதியம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

"அண்ணாச்சி, உங்க மெஷின்ல ஒரு லட்சத்துக்கு கார்டைத் தேச்சுக்கிடுதேன். உங்களுக்கு வேண்டிய கமிஷனை எடுத்துக்கிட்டு மிச்சத்தைப் பணமாக் கொடுங்க" என்றார்.

சரக்கே போகாமல் கார்டைத் தேய்ப்பது என்றால், ஒன்று நான் பொய் பில் போட வேண்டும். அல்லது பில் இல்லாமல் வங்கியில் வரவு காட்ட வேண்டும். இருப்புக் கணக்கு உதைக்கும், ஜி.எஸ்.டி. கணக்கும் உதைக்கும். மெஷின் கொடுக்கும்போது நாம் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலும் இது கூடாது. தெரிந்தால் மெஷினைப் பிடுங்கிவிடுவார்கள். "தம்பி, இது உன்னையும் முடித்துவிடும், என்னையும் முடித்துவிடும்" என்று மறுத்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. உட்காரவைத்து, டீ வரவழைத்து, கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு நாலு கார்டு பில்லையும் ஒரே தாளில் எழுதச் சொன்னேன். வட்டியும் ஜி.எஸ்.டி.யும் மட்டும் மாதம் 10,620 ரூபாய் வந்தது. அவர் அதுவரை நாலையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்ததே இல்லை.

வீட்டிலிருந்த நகையை வங்கியில் வைத்து நாலு கார்டையும் ஒரே நாளில் அடைக்கச் சொன்னேன். 10 சதவீத வட்டியில் நகைக்கடன் என்றால் அதே தொகைக்கு மாதம் 2,000 ரூபாய்தான் ஆகும். என் பாக்கிக்கு மாதம் 15,000 வீதம் பன்னிரண்டு தவணை. அதுவரை புதுச் சரக்கு ரொக்கத்துக்கு மட்டும். நகையைக் கழற்றிக் கொடுக்க அவர் வீட்டில் சம்மதித்ததுதான் பெரிய விஷயம்.

யார் கொடுக்கும் பணம் இது?

புள்ளி வானத்திலிருந்து விழுவதில்லை. கார்டில் பணம் வாங்குபவரிடம் பிடிக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு, கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. கெடு தவறியவர்கள் கட்டும் வட்டியும் அங்கேதான் சேருகிறது. இவற்றிலிருந்துதான் ஒழுங்காகக் கட்டுபவனுக்குப் புள்ளி வருகிறது. என் 2,400 ரூபாயில் அந்த மளிகைக் கடைக்காரர் கட்டிய வட்டியும் கலந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

மொத்த வியாபாரத்தில் ஒரு லட்சத்துக்குச் சரக்குப் போட்டால் எனக்கு நிற்பது 1,500 ரூபாய். கார்டில் வாங்கினால் 1.8 சதவீதக் கட்டணமே 1,800 ரூபாய். அதனால் நம்மில் பலர் கார்டு வாங்குவதில்லை. இதற்கு மாற்றாக, சில்லறை வியாபாரியிடம் கார்டில் வாங்கிக்கொண்டு நம் வங்கிக் கணக்குக்குப் பணமாக அனுப்பும் இடைநிறுவனங்கள் வந்தன. 2024 பிப்ரவரியில் ஒரு கார்டு நெட்வொர்க்கின் அத்தகைய ஏற்பாட்டை நிறுத்தி வைக்கும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இடையில் நிற்பவருக்குப் பணப் பட்டுவாடா நடத்த அனுமதி இல்லை, அனுப்புபவர் பெறுபவர் விவரம் முறைப்படி இல்லை என்பவை அது சொன்ன காரணங்கள். கார்டில் வாடகை கட்டும் வசதியையும், 2025 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதிமுறைகளுக்குப் பிறகு பல செயலிகள் நிறுத்திவிட்டன. எனவே சரக்குப் பணத்தையும் கிட்டங்கி வாடகையையும் கார்டில் சுற்றிப் புள்ளி சேர்க்கலாம் என்று யாராவது வழி சொன்னால், அது இன்றைக்கும் செல்லுமா என்று முதலில் கேளுங்கள்.

நான் பட்ட அவதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடத்தில் கடையின் இணையக் கட்டணத்தைக் கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு மகன் ஒரு செயலியில் கட்டினான். கார்டில் பணம் போய்விட்டது; செயலியில் 'நிலுவை' என்றே நின்றது. காலையில் இணைப்பு இல்லை. வாசலில் கேரளாவுக்கு வற்றல் ஏற்றிய லாரி, இ-வே பில் எடுக்க வழியில்லாமல் நின்றது. பிறகு மகனின் செல்போன் இணையத்தில் எடுத்து, ஒரு மணி நேரம் தாமதமாக அனுப்பினோம். அந்த ஒரு மணி நேரமும் லாரி டிரைவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். பணம் சில நாள் கழித்துக் கார்டுக்கே திரும்பியது. கொடுத்த புள்ளியையும் மறக்காமல் கழித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எந்தப் பில்லும் கெடுவுக்கு நாலு நாள் முன்னதாகக் கட்டப்படும்.

இப்போது எங்கள் மண்டியில் நடப்பது இதுதான். பேரேட்டில் 'கார்டு பாக்கி' என்று தனி ஏடு. மகன் கார்டில் 6,200 ரூபாய் கட்டினால், அன்று மாலைக்குள் கணக்கப்பிள்ளை அதே 6,200-ஐக் கடைக் கணக்கிலிருந்து தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றி ஏட்டில் எழுதிவிடுவார். அந்தக் கணக்குக்குக் காசோலைப் புத்தகம் வாங்கவில்லை. கார்டு பில் மட்டுமே அதிலிருந்து போகும், அதுவும் முழுத் தொகையாகத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இப்படிச் செய்தால் ஓ.டி. வட்டி மிச்சம் என்று மேலே சொன்ன 2,000 ரூபாய் போய்விடுமே என்று மகன் கேட்டான். போகட்டும் என்றேன், சேமிப்பு வட்டி வருவது வரட்டும். கார்டின் பில் தேதியை மாற்றிக்கொள்ள ஒரு தடவையாவது வாய்ப்புத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைக் கேட்டு வாங்கி, எங்கள் வசூல் சேரும் வாரத்துக்கு அடுத்து கெடு வரும்படி வைத்துக்கொண்டோம்.

அந்த மளிகைக் கடைக்காரர் ஒன்பது தவணை கட்டிவிட்டார். மூன்று கார்டை ரத்து செய்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்திருக்கிறார். போன வாரம் தவணைப் பணம் கொண்டுவந்தவர், எங்கள் 'கார்டு பாக்கி' ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கணக்கப்பிள்ளையிடம் ஒரு பழைய ஏடு இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.