ஏலத்தில் வந்த பட்டாள வண்டி

இந்திய ராணுவம் கழித்துவிட்ட லாரிகளையும் ஜீப்புகளையும் வாங்கி, பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காகவே பேணி ஓட்டுவோர் நாட்டின் பல பகுதிகளிலும் உள்ளனர். பட்டறைகளில் 'மிலிட்டரி டிஸ்போசல்' எனப்படும் இவ்வண்டிகளில் இரண்டு புகழ்பெற்றவை. ஒன்று, வி. கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, ஜெர்மனியின் மான் நிறுவனத்திடம் உரிமம் பெற்று 1959இல் ஜபல்பூரில் உற்பத்தி தொடங்கப்பட்டு, 1996 வரை வெளிவந்த சக்திமான் லாரி; மற்றொன்று, ஜப்பானின் நிசான் பேட்ரோலைத் தழுவி அதே நகரில் 1969 முதல் 1999 வரை செய்யப்பட்ட ஜோங்கா. பின்னதை மகேந்திர சிங் தோனி வாங்கிய செய்தி 2019இல் வந்த பிறகே பலர் அப்பெயரைக் கேள்விப்பட்டனர்.

மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் ராணுவ எண், வண்டி படையை விட்டு நீங்கியதும் செல்லாததாகிவிடுவதால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி அதைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்; திண்டிவனத்துக்காரர் டிஎன் 16, விழுப்புரத்துக்காரர் டிஎன் 32 வரிசையில் எண் பெறுவார். ஏலத்தில் கிடைத்த காகிதங்களில் ஒன்று குறைந்தாலும் வண்டி இரும்பு விலைக்குத்தான் போகும் என்பதால், எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பார்ப்பதே விவரமறிந்தவர் வழக்கம்.

லேலண்டும் டாட்டாவும் பார்த்துப் பழகிய நெடுஞ்சாலை மெக்கானிக்குகளுக்கு இவற்றின் எஞ்சின் புதிரன்று. புதிராவது நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் துணைப் பற்சக்கரப் பெட்டியே. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று நீண்ட பாதையில் உருளுகின்றன. மழைக்காலத்து ஏரி வண்டலிலோ வானூர்ப் பக்கத்துச் செம்மண்ணிலோ டயர் சிறிது வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் நான்கு சக்கர இயக்கத்தை விடுவிக்காமல் காய்ந்த ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டினால், வழுக்க இடமில்லாததால், இழுவிசை முழுவதும் பற்சக்கரங்களிலும் அச்சுகளிலும் முறுக்காகச் சேர்ந்து, ஸ்டியரிங் இறுகி, லீவரை விடுவிக்கவே முடியாத நிலை ஏற்படும். ஓட்டாமல் நிறுத்திவைப்பதும் நல்லதன்று: ஆயில் சீல்களின் ரப்பர் காய்ந்து வெடிக்கும், பிரேக் சிலிண்டர் இறுகும், டீசல் தொட்டியில் நீர் கோக்கும், மரக்காணம் உப்பளக் காற்று படும் ஊர்களில் சேஸிஸின் மடிப்புகளுக்குள் துருவும் ஏறும். கிடைக்காத உதிரிப் பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளைத் துழாவ வேண்டும். அங்கும் இல்லையெனில் லேத் பட்டறையில் கடைந்துகொள்ள வேண்டும்.

பேணுவதிலிருந்து மாற்றியமைப்பதற்கு நகரும்போதுதான் உண்மையான சிக்கல் எழுகிறது. 3,956 சிசி கொண்ட ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினோடு ஜோங்காவை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடும் கதையாதலால், அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்துவது பலரும் செய்யும் மாற்றம். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 50 ஆண்டு கடந்த இரண்டு, நான்கு சக்கர வண்டிகளுக்கு 2021இல் வந்த தொன்மை வாகன விதிகள் 20,000 ரூபாய்க் கட்டணத்தில் 'வி.ஏ.' என்ற தனி எண்வரிசையைத் தருகின்றன. ஆனால் சேஸிஸும் எஞ்சினும் மூல வடிவில் இருக்க வேண்டும், கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டவும் கூடாது. ஆக, ஓட்டக்கூடியதாக மாற்றினால் சட்டம் மறுக்கிறது, மூல வடிவில் காத்தால் செலவு மறுக்கிறது. அருங்காட்சியகப் பொருளுக்கும் அபாயகரமான ஒட்டுவேலைக்கும் நடுவே, பொறியாளர் சான்றோடு கூடிய மிதமான மாற்றத்துக்கு ஒரு வழி வைத்திருக்கலாம்.

வண்டி வரத்தும் இனிக் குறையக்கூடும். 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களுக்குச் செல்ல வேண்டும். கவச ஊர்திகள் போன்ற போர்ப்பணிக்கான சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், அவை பொழுதுபோக்காளர் கைக்கு வருபவை அல்ல.